ஆவணியில் பேசிக்கொள்ளலாம்

வீடு விற்காமல் இழுத்துக்கொண்டே போனது. பெயின்ட் அடித்தோம், வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டுச் சமையலறையையே இடம் மாற்றினோம். கடைசியில் புரோக்கர் தணிகாசலம், "வீட்டையே பேச விடுங்கம்மா, அது பொய் சொல்லாதுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

கட்டில் வழியே என் நாடியையும் என் கணவரின் நாடியையும் கவனித்து, மாத்திரையை ஞாபகப்படுத்தும் வீடு அது.

நேற்று பார்க்க வந்த அம்மாள் சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "இந்த வீட்ல சாவு ஏதும் விழுந்திருக்கா?"

"இல்லைங்க" என்றது வீடு.

அவள் முகம் தெளிந்தது. "சரி, ஆடி கழியட்டும். ஆவணியில அட்வான்ஸ் தர்றோம்."

"இப்பவே முடிச்சிடுங்க," என்றது வீடு. "ஆவணியில கேட்டா இதே பதிலை என்னால சொல்ல முடியாது."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.