ஐந்தாவது முயற்சி

“1963 கடைசி ஆட்டத்துல இந்தக் காலேஜ் ஜெயிச்சதா போட்டிருக்கீங்க. அதை எடுத்துடுங்க, மேடம்.”

நோரீன் நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் நின்றிருந்தார். அவள் தொகுத்து இணையத்தில் பார்வைக்கு வைத்திருந்த, கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி வரலாறு மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

“ஒரு ஆட்டம்கூடத் தோக்காத ஒரே வருஷம் சார் அது. ஏன் எடுக்கணும்?”

“பத்து கஜம் போக நாலு முயற்சிதான். அதுக்கப்புறம் பந்து எதிரணிக்கு. அன்னிக்கு நடுவர் தப்பா எண்ணிட்டார். அஞ்சாவது முயற்சியிலதான் பந்து கோட்டைத் தாண்டி, ஜெயிக்கற புள்ளி கிடைச்சது.”

“தோத்துப்போன காலேஜா நீங்க? அறுபது வருஷமாவா வயிறு எரியுது?”

அவர் ஒரு பென் டிரைவை மேஜையில் வைத்தார். “அன்னிக்கு எடுத்த படம். நீங்களே எண்ணிப் பாருங்க.”

நோரீன் கணினியில் போட்டு விரல்விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். ஐந்து.

“சரி, அஞ்சுதான். ஆனா அந்தப் பந்தைக் கொண்டுபோன லைல் ஷ்ரோடரோட சட்டையைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கோம். எத்தனை விழாவுக்குக் கூப்பிட்டும் வராத மனுஷன். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“அறுபது வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்துதான் ஒத்துக்கிட்டான்.”

சட்டைப்பையிலிருந்து, அந்த வெற்றியை நீக்கக் கோரும் ஒரு கடிதத்தை எடுத்து, அவள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார்: லைல் ஷ்ரோடர்.