முதல் கடி

ஃபாரஸ்ட் கேட் சர்ச் மண்டபத்துச் சன்னல் வழியாக ஜனவரி வெயில் இளைத்துப்போய் உள்ளே விழுகிறது. தலைவன் என்பவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும், மக்கள் சேவை அங்கேதான் தொடங்குகிறது என்று பொங்கல் விழா மேடையில் இப்போதுதான் பேசி முடித்த எம்.பி. மார்ட்டின் ஓக்லி, போர்த்திய பொன்னாடையோடு சாப்பாட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார். பிரதம விருந்தினர் வாய் வைக்காமல் இங்கே வேறு யார் வைப்பார்கள்? வாங்கியவர்களெல்லாம் தட்டும் கையுமாக அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். பொங்கலில் நெய் உறைகிறது. ஒரு குழந்தை கடலைவடையை முகர்ந்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்க்கிறது. பரிமாறிக்கொண்டிருக்கும் மங்கலத்துக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. “நல்ல மனுசன்தான். ஆனா பிள்ளையளைப் பட்டினி போடுறார்,” என்று பக்கத்தில் நிற்கும் வாணியிடம் சொல்லிவிட்டு, ஒரு வடையை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் வைக்கிறாள். “நீங்கள் ஸ்டார்ட் பண்ணுங்கோ, சேர். சில்ட்ரன் வெயிட்டிங்.” அவர் திரும்பிப் பார்க்கிறார். மண்டபம் நிறையக் கைபடாத தட்டுகள். காதுமடல் சிவக்க, வடையை ஒரு கடி கடிக்கிறார். அவருடைய பேச்சுக்குக் கிடைத்த கைதட்டலைவிடப் பலமாக, மண்டபமெங்கும் வடை நொறுங்கும் சத்தம் எழுகிறது.