மாம்பழக் கறை

அடுக்ககம் தீப்பிடித்த பிறகு, வீட்டுக்காரரின் காப்பீடு சுவர்களை மட்டும் மீட்டுத் தந்தது. குடியிருந்தவர்களில் எதிர்வீட்டு நஸ்ரின் ஒருத்திதான் வாடகைதாரர் காப்பீடு எடுத்திருந்தாள். எரிந்துபோன அவள் பொருள்களையெல்லாம் நிறுவனம், முன்பே எடுத்து வைத்திருந்த முப்பரிமாணப் பதிவுகளைக் கொண்டு கீறல்கூட மாறாமல் மறுபடி அச்சிட்டு அனுப்பியது. கட்டில், குக்கர், பிள்ளை கிறுக்கிய மேசை என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. தன் வெறும் வீட்டு வாசலில் நின்று பார்த்த எழிலரசிக்கு வயிறு எரிந்தது.

"நீங்களும் போட்டு வைங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்க்கா," என்றாள் நஸ்ரின். பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்து நீட்டினாள். "இது உங்க பாப்பாவோடது. என் பொண்ணுக்குக் குடுத்தீங்கல்ல? நீங்களே வச்சுக்கங்க."

மூன்று வயதில் இறந்துபோன மகளின் சட்டை. மாம்பழக் கறைகூட அப்படியே இருந்தது. எழிலரசி அதில் முகம் புதைத்து அழுதாள். தன் மகளின் நினைவுகூட இவள் வீட்டில்தானே பத்திரமாக இருந்திருக்கிறது என்ற பொறாமையும் அந்த அழுகையில் இருந்தது.