மிளகாய் நெடி

ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் தெருவே மாடிகளில் ஏறிக்கொண்டது. முருகவேல் கையில் ஒரு பையோடு இருமிக்கொண்டே படியிறங்கினார். பக்கத்து வீட்டில் படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

“இருமலைப் பாத்தீங்களா? மிளகாய் நெடி, மிளகாய் நெடின்னு இத்தினி நாளா நம்மளையெல்லாம் ஏமாத்தியிருக்காரு,” என்றார் எதிர்வீட்டு மாடியில் நின்ற இராமலிங்கம். ஓய்வு பெற்ற தாசில்தார். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

முருகவேலுக்குத் தேரடி பக்கம் மிளகாய் மண்டி. ஊரடங்கில் பூட்டிய கடைக்குள் மூட்டைகள் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தன. அந்த எரிச்சலில்தான் இராமலிங்கத்தோடு அவருக்குத் தினமும் தெருச்சண்டை.

“டெஸ்ட் எடுக்காம ஒரு கடையும் திறக்கக் கூடாது. ஊரைச் சுடுகாடாக்கவா பாக்கறீங்க?” என்பார் இராமலிங்கம்.

“இருமுறவனையெல்லாம் புடிச்சி மூக்குல குச்சி வுட்டா நோயாளி ஜாஸ்தியாத்தான் ஆவான். டெஸ்ட்ட கம்மி பண்ணிட்டு கடைய திறந்து வுடுங்க. சனங்க பட்டினியில சாவறது உங்களுக்குத் தெரியல, பென்ஷன் வருது,” என்பார் முருகவேல். 

தெரு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் கத்தியது. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

கடைசியில் அதிகாரிகள் இராமலிங்கம் பக்கம் சாய்ந்தார்கள். கடைக்காரர்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், தொற்று இல்லை என்று வந்தால் திறக்கலாம் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் முருகவேல் பெயரும் பதிவானபோது தெரு ஆச்சரியப்பட்டது. முடிவு இன்று மத்தியானம் போனில் வந்தது. பாசிட்டிவ்.

வாசலில் முந்தானையை வாயில் வைத்து நின்றிருந்தாள் அவர் மனைவி ரேணுகாம்பாள். முருகவேல் அவளைப் பார்க்கவே இல்லை. போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

“மாறன் எடுக்க மாட்றான்.”

“எப்படி எடுப்பாரு உங்க தம்பி? சாமியாருங்களுக்குச் சோறு போடற நேரம். வந்ததும் நான் பேசச் சொல்றேன், நீங்க தைரியமா போயிட்டு வாங்க.”

கிரிவலப் பாதைக்குப் பக்தர்கள் வருவது நின்று போனதிலிருந்து அங்கே கிடக்கும் சாமியார்களுக்கு மாறன்தான் அன்னதாதா. சிநேகிதர்களோடு சேர்ந்து சமைத்துத் தினமும் கொண்டுபோனான். அவனை நம்பி உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தள்ளாத கிழவர்கள்.

நீல அங்கிக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்த நர்ஸ் கவிநிலா, முருகவேலை வண்டியில் ஏற்றினாள். ஏறும்போது அவர் மூக்குக்கண்ணாடி நழுவியது. அவள் அதைப் பிடித்துக் கொடுத்தாள்.

“கண்ணாடி போடுவீங்களா சார்? அன்னிக்கி முகாம்ல நான்தான் சாம்பிள் எடுத்தேன், கண்ணாடி இல்லாம வந்தீங்களே.”

“மாஸ்க் போட்டா கண்ணாடியில ஆவி படியுதும்மா,” என்றார் அவர்.

“இப்பவாவது டெஸ்ட்டோட அருமை தெரிஞ்சுதா முருகவேல்?” மேலேயிருந்து இராமலிங்கம் விடவில்லை. ஒன்றுக்கு நான்காகத் திருப்பிக் கொடுக்கும் மனுஷன் இன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்து இராமலிங்கத்துக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

வண்டி செங்கம் ரோட்டில் திரும்பியது. ஒரு கல்லூரி விடுதியை நோயாளிகளுக்காக ஒதுக்கியிருந்தார்கள், அங்கேதான் போக வேண்டும். முருகவேல் மறுபடியும் போனை எடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

“தம்பிகிட்ட அப்புறம் பேசிக்கலாம் சார். உங்களுக்குக் காய்ச்சல்கூட இல்ல, எதுக்குப் பயப்படறீங்க?”

“எனக்கு என்னம்மா பயம்,” என்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஓட்டுநரின் முதுகைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கிரிவலப் பாதையில் எம லிங்கக் கோயில் பக்கம் வந்தபோது வண்டி வேகம் குறைந்தது. வேலியோரம் நீளமாகக் காவி வரிசை. பாதிப் பேர் சாப்பிட்டு முடித்து இலையை மடித்திருந்தார்கள்.

வரிசையின் நடுவில் மாறன் குந்தியிருந்தான். அண்ணனை அப்படியே உரித்து வைத்த முகம், கண்ணாடி ஒன்றுதான் குறை. மாஸ்க் தாடைக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. பல்லில்லாத கிழவர் ஒருவருக்குச் சூடான சாம்பார் சாதத்தைக் கையாலேயே குழையப் பிசைந்து, வாயால் ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தான்.

முருகவேல் ஜன்னல் கண்ணாடியை ஓங்கி ஓங்கித் தட்டினார்.

“நிறுத்தச் சொல்லும்மா. வண்டிய நிறுத்தச் சொல்லு.”

“தம்பியைப் பாக்கணும்னு இருக்கும், தெரியுது சார். ஆனா உங்ககிட்டயிருந்து அவருக்கு ஒட்டிக்கும். கிட்ட போவக் கூடாது.”

முருகவேலுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது.

“என் இருமலுக்குப் பயந்து, அன்னிக்கி முகாமுக்கு அவனைத்தாம்மா அனுப்பினேன்.”