மாமனார் காத்த காசு

ஏலக்காரர் அடுத்த நாணயத்தைக் காட்டியதும் மனைவியின் நகம் தவளையின் மணிக்கட்டில் இறங்கியது.

மூட்டை தூக்கும் இடத்தில் அவனுக்கு அதுதான் பெயர். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதை வைத்து வந்தது. மூட்டை நனைந்திருந்தால் முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே "நான்தாங்க தண்ணியில போட்டேன்" என்பான். பொய் அவன் தொண்டைவரை ஏறாது. உண்மை தொண்டையில் நிற்காது.

பஸ்ஸிலேயே அவள் சொல்லிவிட்டாள். "உன்னைப் பொய் சொல்லச் சொல்லலய்யா. வாயத் தொறக்காத. அது போதும்."

வீட்டில் கிடைத்த வெள்ளிக்காசு. எடைக்குப் போடப்போன இடத்தில் கடைக்காரன்தான் "ஐயோ, தேச்சிடாதீங்க" என்று அலறி இங்கே அனுப்பிவைத்தான். நல்ல விலை போனால் மோட்டார் வைத்த மூன்று சக்கர வண்டி வாங்கலாம். அப்புறம் பாரம் வண்டியின் பாடு. எலும்பு டாக்டர் அவன் கழுத்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து உச்சுக்கொட்டிய நாளிலிருந்து அவளுக்கு அந்த வண்டி ஒன்றே நினைப்பு.

திரையில் காசு பெரிதாகத் தெரிந்தது. வெள்ளி என்று சொன்னால்தான் வெள்ளி. ஓரத்தில் மயில்கழுத்து நீலம், அதற்குள் கத்தரிப்பூ, அதற்குள் செம்பு, ராஜாவின் கன்னத்தில் மட்டும் பழுத்த மாம்பழ நிறம்.

அதே ராஜா, அதே வருஷம், பால் மாதிரிப் பளபளத்த காசு சற்று முன்புதான் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே போய்ப் படுத்துவிட்டது. நிறம் மாறிப்போனதற்கு இங்கே தனி விலை. தவளைக்கு இது விளங்கவே இல்லை. அவன் தொழிலில் கறை பட்ட மூட்டைக்குக் கூலியில் பிடிப்பார்கள்.

தூரிகை படாத ஓவியம், காலமே வரைந்தது என்றார் ஏலக்காரர்.

முன்வரிசையில் பல் டாக்டர் கையைத் தூக்கினார். அந்தப் பக்கம் சாயப்பட்டறை முதலாளி தூக்கினார். மறுபடி இவர், மறுபடி அவர். தவளையின் கண்ணுக்கு ஒரு சக்கரம் வந்தது. இரண்டாவது சக்கரமும் வந்தது. மூன்றாவது உருண்டு வருகிற நேரத்தில் சாயப்பட்டறை முதலாளி எழுந்து நின்றார்.

"எனக்குச் சாயம் தெரியும்யா. மருந்துல முக்குன கலரு இது. எவனோ உக்காந்து வேல பாத்திருக்கான்."

கூடம் முணுமுணுத்தது. பல் டாக்டரின் கை பாதியில் நின்றது. செயற்கை நிறம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் காசு அதோடு செத்தது. ஏலக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சொந்தக்காரர் இருந்தால் எழுந்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்றார்.

நகம் எலும்பைத் தொட்டது. தவளை எழுந்துவிட்டான்.

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சத்தியமா இயற்கையா வந்ததுதான்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காருவானா?

"எங்க மாமனார் காத்துதாங்க இந்தக் கலர் வந்துச்சு. வேலைக்குப் போன காலம் பூரா, ஒரு நாள் தவறாம, அதுமேலயே உக்காந்து."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். இந்தக் காலத்தில் யார் இப்படிக் காப்பார்கள் என்று ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். பூதம் காத்த புதையல் கேட்டிருக்கிறோம், மாமனார் காத்த புதையலை இன்றுதான் பார்க்கிறோம் என்று ஏலக்காரர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சாயப்பட்டறை முதலாளியே வெட்கப்பட்டு மறுபடி கையைத் தூக்கினார். பல் டாக்டர் விடவில்லை. மூன்று சக்கரமும் வந்து, மேலே கூரையும் வந்து, ஹாரனும் வந்த பிறகுதான் சுத்தியல் விழுந்தது.

பல் டாக்டர் காசை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். போதாதென்று ஒரு முத்தமும் கொடுத்தார். தவளை அவசரமாக மின்விசிறியைப் பார்த்தான்.

மாமனார் கிரேன் ஓட்டியவர். உச்சியில் கண்ணாடிக் கூண்டு. தூசிக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க மாட்டார். மத்தியானத்துக்கு அவித்த முட்டை, என்றைக்கும் அவித்த முட்டை. குடித்துத் தீர்த்துவிடுவோம் என்று தன்மேலேயே நம்பிக்கையில்லாமல் அந்தக் காசை இருக்கை மெத்தைக்குள் வைத்துத் தைத்தவர், மெத்தை கிழிந்து அது விழும்வரை மறந்தே போனார். முட்டை தன் வேலையை மறக்கவில்லை. அந்தக் கூண்டுக்குள் ஒரு தடவை ஏறிப் பார்த்த மேஸ்திரி, அதற்கப்புறம் எதுவானாலும் தரையில் நின்றே கத்தினார்.

தவளை சொன்னது காவல் காத்த காத்து இல்லை. எழுதும்போது காற்று என்று எழுதுகிறோமே, அந்தக் காத்து.

பல் டாக்டர் அதற்குள் பையிலிருந்து ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்திருந்தார். உள்ளே வரிசையாகக் காசுகள், எல்லாம் வெள்ளை வெளேர். பெரியவர் உயிரோடு இருக்கிறாரா, இதையும் அவரே காத்துக் கொடுப்பாரா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

தவளை வாயைத் திறந்தான். பெட்டி மனைவியின் கைக்குப் போய்விட்டது.

"அவரு உக்காந்த சீட்டை வீட்டுக்கே தூக்கியாந்துட்டாரு எங்கப்பா. இன்னமும் அதுலதான் உக்காந்திருக்காரு. தாராளமா காப்பாரு டாக்டர்," என்றாள். "முட்டைச் செலவு மட்டும் உங்களுது."