இல்லாததும் பொல்லாததும்

"அந்தப் பொண்ணு 'பஸ்'னு சொல்லவே இல்ல. 'ப'னு பாதியிலேயே விட்டுட்டா. இந்தச் சனியன் தானா ஒரு 'ஸ்' சேர்த்து எழுதுது."

ஒலியியல் நிபுணர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டார். பேச்சைக் கேட்டு எழுதும் அந்த இயந்திரம் எங்கெங்கே தப்பு செய்கிறது என்று காலையிலிருந்து பதிவு செய்த குரல்களைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தலை வெடித்தது.

எதிரே நின்ற இன்ஜினியருக்கு முகம் செத்துவிட்டது. அதை உருவாக்க ஒரு வருட உழைப்பு. 'தேறாது' என்று நிபுணர் மாலைக்குள் எழுதிக் கொடுத்தால், இன்ஜினியரின் ஆட்கள் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒலியின் வரைபடத்தையாவது ஒருமுறை பாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்.

"காது இருக்கும்போது படம் எதுக்குங்க?"

அதற்குமேல் யார் பேசுவது? அந்த அலுவலகத்தில் நிபுணரின் காது சொன்னால் சொன்னதுதான். இன்னொருவர் கேட்டுச் சரிபார்க்கும் வழக்கமே கிடையாது.

அப்போது நிபுணரின் அக்கா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். இருவரும் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஆபீஸ் வாசலில் எவ்வளவு நேரம் நிற்பது, எத்தனை தடவை அடித்தும் போனை எடுக்க மாட்டாயா என்று தம்பியை ஒரு வாங்கு வாங்கினாள். போன் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"இந்த எரிச்சல்ல போனை எங்கக்கா கவனிக்கிறது?" என்று ஆரம்பித்தவர், ஆத்திரம் முழுவதையும் இயந்திரத்தின் மேல் கொட்டினார். இல்லாததும் பொல்லாததுமாக எழுதுகிறதாம். அதுவும் ஸ, ஷ, ச என்று காற்றாக வருகிற சத்தங்களைத்தான் இஷ்டத்துக்குச் சேர்க்கிறதாம். ஆண் குரல் என்றால் ஓரளவு பரவாயில்லையாம். பெண்கள், குழந்தைகள் பேசினால்தான் இந்தக் கூத்தாம். மனிதர்கள் மட்டும் என்ன ஒழுங்கு, வீட்டில் மனைவிகூட இப்போதெல்லாம் மென்று முழுங்கித்தான் பேசுகிறாள் என்று போகிற போக்கில் அவளையும் ஒரு பிடி பிடித்தார்.

அக்கா கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்துடாதடா. நீ இப்போ சொன்னதை நான் தினமும் வரிக்கு வரி கேட்டுட்டிருக்கேன்."

"உங்க ஆஸ்பத்திரியிலயும் இந்த மெஷினை வாங்கித் தொலைச்சிட்டாங்களா?"

"இல்லடா. காது மந்தமாக ஆரம்பிச்சவங்க என்கிட்ட வந்து சொல்றது இதைத்தான்."