சொல்லிக்கொண்டே செய்கிற வீடு

"நான் ரோசரி. காப்பித் தட்டோட வந்திருக்கேன். இப்ப குனிஞ்சு தட்டைக் கீழே வைக்கிறேன்."

மகனுக்குப் பெண் பார்க்க வந்த பாக்கியமேரி, வாய்க்குக் கொண்டுபோன வாழைப்பழத்தை அப்படியே நிறுத்திவிட்டாள். தட்டோடு வந்து வெட்கப்பட்ட பெண்களை அவள் பார்த்திருக்கிறாள், அழுத பெண்ணைக்கூடப் பார்த்திருக்கிறாள். அறிவிப்புச் செய்த பெண் இதுதான் முதல். மாப்பிள்ளை அமலதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

பெண்ணின் அப்பா அற்புதசாமி மகளை முறைத்தார். இன்றைக்கு ஒருத்தரும் அந்தப் பழக்கத்தைக் காட்டக் கூடாது என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லியிருந்தார்.

"பொண்ணுக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்திங்க," என்று சமாளித்தவர், "இப்ப நான் சிரிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பாவம், அவர் என்ன செய்வார்? பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த வீடு ஒரு வருஷமாகவே அப்படித்தான். மூத்த மகனின் குழந்தை ஞானத்துக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. இரண்டு வயசாகியும் சொந்தப் பேச்சு வரவில்லை. பசித்தால், "ஞானத்துக்குப் பசிக்குதா?" என்று அம்மா கேட்கிற அதே ராகத்தில் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி நர்சம்மாதான் வழி சொன்னாள். "மத்த குழந்தைங்க பார்த்துப் பார்த்துப் பேச்சைப் பிடிச்சுக்கும். இவளுக்கு ஒவ்வொண்ணையும் கையில கொடுத்துப் பேர் சொல்லுங்க. நீங்க எது செஞ்சாலும் சொல்லிக்கிட்டே செய்யுங்க."

வீடே சொல்ல ஆரம்பித்தது. யார் வந்தாலும் பேரைச் சொல்லி, குழந்தை தடவிப் பார்க்க முகத்தையும் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு வார்த்தை வந்தது. பெரியவர்களுக்குத்தான் பழக்கம் விடவில்லை. ஒர்க்ஷாப்பில் போர்மேனிடம், "இப்ப உங்களுக்கு சலாம் போடுறேன்" என்றார் அற்புதசாமி. ஞாயிறு பூசையில் கோவிலே அமைதியாக இருந்த நேரத்தில், "முழங்கால் போடுறேன்" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. ஆனால் ரோசரிக்கு வந்த இரண்டு சம்பந்தம், குழந்தையைப் பார்த்ததும் 'குடும்பத்துல ஓடுற குறை' என்று கைநழுவிப் போயிருந்தது. அவளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. அதனால்தான் இந்தத் தடவை ஞானத்தைப் பக்கத்து வீட்டு ஆபிதாவிடம் விட்டு வைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா சவரிமுத்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகன் கையைப் பிடித்து, ராஜாவை அழைத்து வருவது போல அழைத்து வந்து உட்கார வைத்திருந்தான். அற்புதசாமி கைகூப்பியதற்குப் பதில் இல்லை. பெண் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. காட்டூரில் சொந்த வீடு இருந்தால் இவ்வளவு திமிரா என்று அற்புதசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரோசரி நீட்டிய காப்பியையும் அவர் வாங்கவில்லை. "காப்பியை உங்க வலது கைப்பக்கம் வைக்கிறேன். சூடா இருக்கு" என்று அவள் வாய் தானாகச் சொன்ன பிறகுதான் எடுத்தார்.

"எங்க வீட்டுக்காரர் ஒரு பார்வையிலேயே எடை போட்டுடுவார்," என்றாள் பாக்கியமேரி. "அவருக்குத் திருப்தியில்லைங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

அப்போது ஆபிதா அசந்த நேரம் பார்த்து ஞானம் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். எந்நேரமும் பேச்சாக இருக்கிற வீடு சும்மா இருந்தது அவளுக்குப் பயமாக இருந்திருக்கும். நேரே சவரிமுத்துவின் முழங்காலில் மோதினாள். மடியில் ஏறி முகத்தைத் தடவினாள்.

"மூக்கு. மீசை," என்றவள், அற்புதசாமி கேட்கிற அதே ராகத்தில், "யாரு வந்திருக்கிறது? பேரைச் சொல்லுங்க" என்றாள்.

பாக்கியமேரி குழந்தையின் கண்களைப் பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

"இதை மறைச்சுத்தான் பொண்ணைத் தள்ளிவிடப் பார்த்தீங்களா? குறையை மறைச்சுச் சம்பந்தம் பேசுறது பாவமில்லையா? எழுந்திரிங்க, போகலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போனாள்.

அற்புதசாமிக்கு அவமானமாக இருந்தது. பேத்தியை ஒளித்து வைத்ததை நினைத்தபோது அதைவிட வெட்கமாக இருந்தது.

சவரிமுத்து எழுந்திருக்கவில்லை. அவர் கை குழந்தையின் நெற்றியில் தொடங்கி, புருவம், மூக்கு, கன்னம் என்று மெதுவாகத் தடவிக்கொண்டே இறங்கியது. குழந்தை அவர் முகத்தில் தடவியது போலவே.

அற்புதசாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

"என் பேர் சவரிமுத்து," என்றார் அவர் குழந்தையிடம். பிறகு பொதுவாக, "எனக்குப் பார்வை போய் நாலு வருஷமாகுதுங்க. தெரிஞ்சா யாரும் பொண்ணு கொடுக்க மாட்டாங்கன்னு, போற இடத்திலெல்லாம் என் வீட்டுக்காரி என்னை அசையாம உட்கார வச்சுடுறா. சுத்தி என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்றதில்லை. இன்னிக்கு இந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு."

அமலதாஸ் நிமிர்ந்து ரோசரியை முதல் தடவையாகப் பார்த்தான்.

"ரோசரிம்மா," என்றார் சவரிமுத்து. "உன் அத்தை இப்ப என்ன பண்றா, கொஞ்சம் சொல்லு."

ரோசரி வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அத்தை வாசல்ல நிக்கிறாங்க. வலது கால் செருப்பை இடது கால்ல மாட்டிட்டு, போறதா வர்றதான்னு தெரியாம நிக்கிறாங்க."

வாசலிலிருந்து சன்னமாகக் குரல் வந்தது.

"செருப்பைக் கழட்டிட்டேங்க. இப்ப உள்ளே வரேன்."